அத்தியாயம் 6: ஊர் பார்க்க ஓடுதல்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் நடக்கும் மரதன் ஓட்டத்தில் ஒருமுறையாவது ஓடாத ஆண்பிள்ளை நம் கரையில் அரிது. பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் பிரதான வீதி, அந்த ஓட்டங்களை எல்லாம் பார்த்த வீதி. அதே வீதியை இந்த அத்தியாயம் வேறொரு வேலைக்குக் கேட்கிறது. ஐஸ் (மெத்தம்பெட்டமின்), ஹெரோயின், கஞ்சா, போதை மாத்திரை, மது, சிகரெட் என்று எதிலிருந்தாவது வெளியே வர முயலும் ஒருவரை வாரத்துக்கு நான்கு காலை நடக்கவும் ஓடவும் வைப்பதே அந்த வேலை.

மூன்று பேரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது: விட நினைப்பவர், அவருடைய வீட்டார், காலையில் அவருக்காகப் போய் நிற்கத் தயாரான ஒரு கூட்டாளி. மூன்றாமவர் கிடைக்கவில்லை என்றால் திட்டத்தைத் தொடங்க வேண்டாம். முதலில் அவரைத் தேடுங்கள்.

ஓட்டத்தால் ஆவது, ஆகாதது

லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரோசன் தலைமையிலான குழுவினர், ஐஸ் பாவனைக்காகத் தங்கிச் சிகிச்சை பெற்ற 135 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மேற்பார்வையோடு உடற்பயிற்சி. மற்றப் பகுதிக்கு அதே நேரத்தில் சுகாதார வகுப்பு. பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன. சிகிச்சைக்கு வருமுன் அளவாகப் பாவித்தவர்கள், பயிற்சியும் செய்திருந்தால், வெளியே போன பிறகும் குறைவாகவே பாவித்தார்கள். ஏறத்தாழ நாள்தோறும் பாவித்து வந்தவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை. அந்தத் திட்டத்தோடு சேர்ந்த இன்னொரு சிறிய ஆய்வில் 19 பேரின் மூளையைப் படம் பிடித்தார்கள். ஐஸ் குறைத்துவிட்டிருந்த டோபமின் ஏற்பிகள் பயிற்சி செய்தவர்களிடம் ஓரளவு மீண்டிருந்தன. இந்த முடிவு 2016 இல் வெளிவந்தது.

சிகரெட் விடயத்தில் பத்து நிமிட வேக நடை, நடக்கும்போதும் நடந்து முடிந்த சற்று நேரத்துக்கும் புகைக்கும் ஆசையை அடக்குகிறது. ஆனால் உடற்பயிற்சியை மட்டும் நம்பியவர்கள் நீண்ட காலத்துக்கு விட்டே இருந்தார்கள் என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

இவற்றிலிருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான். ஓட்டம் மனத்தின் பாரத்தைக் குறைக்கும், நித்திரையை ஒழுங்காக்கும், ஆசை எழும்பும் அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்க உதவும். வைத்தியமும் ஆலோசனையும் செய்யும் வேலையை அது செய்யாது. பழக்கம் எவ்வளவு கடுமையானதோ அவ்வளவுக்கு வைத்தியரின் பங்கு பெரிது.

முதலில் வைத்தியசாலை, பிறகு வீதி

எதைப் பாவித்தார் என்பதைப் பொறுத்து, ஓடத் தொடங்கும் நாள் மாறும்.

மது: நாள்தோறும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி தடுமாறி, இல்லாததைக் காணும் நிலையும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. வீட்டு அறையில் பூட்டி வைத்துத் தெளிய வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஹெரோயின்: உடல் வலி, வயிற்றோட்டம், வாந்தி, நித்திரையின்மை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஓடக் கூடாது. இன்னொன்றையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். சில வாரம் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. விட்ட பிறகு மறுபடி எடுக்கும் முதல் தடவைதான் பலருக்கு உயிர் போகும் தடவை.

ஐஸ்: நிறுத்தியதும் நாள்கணக்கில் தூக்கம், அகோரப் பசி, பிறகு கடும் மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் எழும் காலம் இதுதான், ஆளைத் தனியே விடாதீர்கள். ஐஸ் இருதயத் தசையைப் பலவீனமாக்கும். ஆகவே ஈ.சி.ஜி. எடுக்காமல் ஓட வைக்க வேண்டாம், நடை மட்டும் போதும்.

மாத்திரை: ட்ரமடோல் அளவு மீறினால் வலிப்பு வரும். ப்ரீகபலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தாமல் வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிகரெட், பீடி: நெஞ்சு நோவோ இருதய வருத்தமோ இல்லாதவர் இன்றே நடக்கத் தொடங்கலாம்.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். "பைத்தியத்துக்குக் காட்டுற இடம்" என்ற பேச்சுக்குப் பயந்து கொழும்புக்கு ஓடி, காசு தீர்ந்ததும் பாதியில் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. பக்கத்தில் இருக்கும் சிகிச்சைக்குத்தான் மாதாமாதம் போக முடியும். வைத்தியரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: இவர் ஓடலாமா, எந்த நாளிலிருந்து? இதயத் துடிப்பு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது? கொடுக்கும் மருந்து வெயிலில் தலைசுற்ற வைக்குமா? மறுபடி எப்போது வர வேண்டும்?

தொலைபேசியில் பதிந்து வைக்க வேண்டிய இலக்கங்கள்: போதைப்பொருள் ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927. மனநல உதவிக்கு 1926. புகைத்தலை விட 1948. மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் என்றால் 1990 அம்பியூலன்ஸ்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க அபாயகர ஔடதங்கள் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்பது மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். அதனால் அவரிடமிருந்து பொருளை வாங்கிப் பத்திரப்படுத்தும் வேலையை வீட்டாரோ கூட்டாளியோ செய்யக் கூடாது. "இத ஒரு நாளைக்கு வெச்சிரு மச்சான்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஊர் பார்க்க ஏன்?

உடற்பயிற்சிதான் தேவை என்றால் வீட்டுக்குள்ளேயே குதிக்கலாமே, வீதிக்கு ஏன் வர வேண்டும்? இந்த அத்தியாயத்தின் கருத்தே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

நம் ஊர்களில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர். ஒரு வீட்டில் உரத்துப் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் மகனின் பழக்கம் வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் நின்றுவிடும் என்ற பயத்தில் உம்மாவும் வாப்பாவும் மூடி மறைக்கிறார்கள். மறைப்பதற்காக அவனுடைய கடனை அடைக்கிறார்கள், விற்ற நகையைத் தேடாமல் விடுகிறார்கள், கடைசியில் பொலிஸ் வந்து கதவைத் தட்டும் நாளில்தான் வைத்தியரை நினைக்கிறார்கள். மறைத்த காலம் முழுவதும் பழக்கம் வளர்ந்த காலம்.

மறுபக்கம் ஊரும் ஒரு தடவை பட்டம் சூட்டினால் லேசில் கழற்றாது. "குடுக்காரன்" என்று பெயர் விழுந்தவன் விட்டு இரண்டு வருடம் ஆனாலும் அவனுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை, கடையில் அவனைக் கண்டால் கல்லாப்பெட்டியில் கை போகிறது. மனந்திருந்தி வந்தவனுக்குப் போக்கிடம் பழைய கூட்டாளிகள்தான்.

குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதரை அங்கிருந்த ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் சபிக்க வேண்டாம் என்று தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்ன செய்தி புகாரியில் உண்டு. தண்டனை இருந்தது, அதோடு அவரை ஜமாஅத்துக்குள் வைத்திருக்கும் அக்கறையும் இருந்தது. மது விலக்கேகூட ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் அதன் தீமை நன்மையைவிடப் பெரிது என்றும், பிறகு போதையில் தொழுகைக்கு வராதே என்றும், கடைசியில் முற்றாக விலகு என்றும் படிப்படியாக வந்தது. இன்று விலக்கு முழுமையானது, அதில் பேச்சில்லை. ஆனால் ஒரு சமூகத்தையே திருத்துவதற்குக் காலமும் படியும் கொடுத்த மார்க்கத்தில் நிற்கும் நாம், ஒரு தனி மனிதனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை குத்பா போதும் என்று நினைப்பது சரியல்ல.

சுபஹு தொழுதுவிட்டு நாலு பேரோடு பிரதான வீதியில் ஓடுகிறவனை ஊர் தினமும் பார்க்கிறது. மீன் வாங்கப் போகிறவர் பார்க்கிறார், தேத்தண்ணிக் கடைக்காரர் பார்க்கிறார், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் பார்க்கிறார்கள். முதல் வாரம் சிரிப்பார்கள். மூன்றாம் மாதம் "இன்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். பழைய பட்டத்தை வாதாடிக் கழற்ற முடியாது. பார்க்கப் பார்க்கத்தான் அது உதிரும்.

இதை வேறு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் கிரேக் மிச்சல் என்ற நீதிபதி, தான் சிறைக்கு அனுப்பிய ஒருவர் விடுதலையாகி வந்து அழைத்ததன் பேரில் வீடற்றோர் தங்கும் மிட்நைட் மிஷன் என்ற இடத்துக்குப் போனார். 2012 இல் அங்கே ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார். தண்டனை கொடுத்தவரும் தண்டனை பெற்றவர்களும் அதிகாலையில் ஒரே தெருவில் ஓடுகிறார்கள். புனேயில் அனில் அவச்சட், சுனந்தா அவச்சட் தம்பதியர் 1986 இல் தொடங்கிய முக்தாங்கன் மீட்பு நிலையத்துக்கு, மும்பை நிழலுலகத்தில் இருந்த ராகுல் ஜாதவ் போதைச் சிகிச்சைக்காக வந்தார். வெளியே வந்தவர் நெடுந்தூர ஓட்டக்காரரானார், மும்பையிலிருந்து டெல்லி வரை ஓடினார், அதே நிலையத்தில் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்பவருமானார். வைத்தியமும் ஓட்டமும் ஊரார் பார்வையும் அவர் வாழ்க்கையில் ஒன்றாகச் சேர்ந்தன.

நம் வீதிக்கே தெரிந்த முன்னுதாரணமும் உண்டு. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரிகர்கள் ஆண்டுதோறும் இவ்வழியே பொத்துவில், உகந்தை, குமணக் காட்டு வழியாகப் போகிறார்கள். மாமிசமும் மதுவும் விலக்கி, வாரக்கணக்கில் நடக்கும் அவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே நடக்கிறார்கள். தங்கும் இடம் முன்கூட்டியே தெரியும், தண்ணீர் கொடுப்பவர் வழியில் நிற்பார். நீண்ட தூரம் போகிறவருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

குழு

நான்கு பேர் போதும். எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

முதன்மைக் கூட்டாளி, விட முயல்பவரின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவர். காக்காவோ மச்சானோ சாச்சாவின் மகனோ பழைய உதைபந்தாட்டக் கழகத் தோழரோ யாராகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, அவருக்குக் கடன் கொடுத்தவராக இருக்கக் கூடாது. இரண்டாமவர், ஏற்கெனவே விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஒருவர். கிடைத்தால் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்றாமவர், ஊர் மதிக்கும் ஒருவர்: விளையாட்டு ஆசிரியர், மௌலவி, பள்ளிவாசல் நிர்வாக உறுப்பினர். அவரால் ஐந்து கிலோமீற்றர் ஓட முடியாது என்றால் சைக்கிளில் பின்னால் வரட்டும். அவர் கூட வருவதே போதும்.

குழுவுக்கு ஐந்து விதிகள்:

1. கடைசி 48 மணித்தியாலம் மதுவோ போதைப்பொருளோ தொடாதவர் ஓடலாம். கொலராடோவில் ஸ்கொட் ஸ்ட்ரோட் 2006 இல் மீண்டு வருவோருக்காகத் தொடங்கிய த ஃபீனிக்ஸ் அமைப்பு இந்த ஒரே நிபந்தனையோடு கட்டணமின்றி ஆட்களைச் சேர்க்கிறது. நமக்கும் இது பொருந்தும்.
2. தொட்டுவிட்டு வந்தவரைத் துரத்த வேண்டாம். அன்று அவர் ஓடமாட்டார், ஒருவர் அவரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.
3. ஓடும்போது கேட்டது வீட்டுக்குப் போகாது. உயிராபத்து மட்டும் விலக்கு.
4. காசு கைமாறாது. கடனும் இல்லை, பரிசும் இல்லை.
5. படமெடுத்து முகநூலில் போடுவது அவர் கேட்டால் மட்டும். அவர் திருந்திய கதை அவருக்குச் சொந்தம்.

பேசும் முறையும் முக்கியம். ஒரு நாள் வராதவரிடம் "திரும்பத் தொடங்கிட்டியா?" என்று கேட்டால் அவர் மறுநாளும் வரமாட்டார். "நேத்து காணல்ல தம்பி, சுகமா? நாளைக்குச் சுபஹு தொழுதிட்டு வாசலில நிக்கிறன், வாங்க" என்று சொன்னால் கேள்வியும் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. சொன்னபடி மறுநாள் போய் நிற்கவும் வேண்டும்.

நேரம், பாதை, பாதணி

சுபஹுக்குப் பிந்திய ஒரு மணித்தியாலம் மூன்று காரணத்துக்காக நல்லது. வெயில் ஏறியிருக்காது, வீதியில் வாகனம் குறைவு, சுபஹுக்கு எழும்ப வேண்டியவர் இரவு நேரத்தோடு படுக்க வேண்டும். மூன்றாவது காரணமே பெரியது, ஏனென்றால் இஷாவுக்குப் பிந்திய நேரம்தான் பலருக்குச் சறுக்கும் நேரம். வெள்ளிக்கிழமை ஓய்வு. சனி, திங்கள், புதன் குழுவாக ஓடுங்கள். நான்காம் நாளை ஞாயிறாக வைத்துச் சற்று நீளமாக நடக்கலாம்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை வெப்பம் கடுமையாக இருக்கும். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். வியர்வை நின்று தோல் சுட்டால், தலை சுற்றினால், பேச்சுக் குழறினால் உடனே நிழல், தண்ணீர், 1990. சாதாரண நாளில் தண்ணீரே போதும், நிறைய வியர்த்த நாளில் ஒரு பக்கெட் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். மார்கழி மழைக் காலத்தில் கடல் ஏறி வரும். அந்த மாதங்களில் கடற்கரையை விட்டு உள்வீதியிலோ மைதானத்திலோ ஓடுங்கள்.

கடற்கரையில் ஓட ஆசை வரும். தொடக்கக்காரருக்கு மெத்தென்ற மணல் குதிகால் தசைநாணைப் பிடிக்கும். ஈரம் காயாத இறுகிய விளிம்பில் மட்டும், குறுகிய தூரம் மட்டும் ஓடலாம். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றுக்கு விலகிப் போங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடமே ஒரு வேலை கொடுங்கள். ஒரு தாளில் ஊரை வரைந்து, பொருள் வாங்கிய ஒழுங்கை, பாவித்த பாழ்வளவு, பழைய கூட்டாளிகள் நிற்கும் சந்தி ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் அந்த இடங்களைத் தொடாத பாதை. பிறகு குழுவோடு சேர்ந்து மட்டும் அவற்றைக் கடக்கலாம். பாதணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். குதிகால் மெத்தை தேயாத, விரல் முட்டாத சாதாரண ஓட்டப் பாதணி போதும். புதியது வாங்கிக் கொடுத்தால் அது விற்கப்படவும் கூடும் என்பதை வீட்டார் நினைவில் வைத்திருங்கள்.

பன்னிரண்டு வாரம்

ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996 இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் புதியவர்களை ஐந்து கிலோமீற்றருக்குக் கொண்டுபோயிருக்கிறது. போதையிலிருந்து மீளும் உடலுக்கு அது சற்று அவசரம், ஆகவே கீழே அதைத் தளர்த்தியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை உண்டு. ஓட்டம் என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசக்கூடிய வேகம்.

வாரம் 1, 2: நடை மட்டும், 20 இலிருந்து 30 நிமிடம்.
வாரம் 3: ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, எட்டுத் தடவை.
வாரம் 4, 5: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை.
வாரம் 6, 7: நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து தடவை.
வாரம் 8, 9: எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று தடவை.
வாரம் 10: பன்னிரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இரண்டு தடவை.
வாரம் 11: நிற்காமல் 25 நிமிடம்.
வாரம் 12: ஐந்து கிலோமீற்றர். கல்முனையில் தொடங்கிச் சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு ஏறத்தாழ அவ்வளவு தூரம்.

ஒரு வாரம் பிந்தினால் அதே வாரத்தை மறுபடி செய்யுங்கள். நெஞ்சு இறுகினால், துடிப்பு தாறுமாறாக அடித்தால், கண் இருண்டால் அன்று ஓட்டம் முடிந்தது, வைத்தியரிடம் போக வேண்டும். மூட்டு நோவுக்குப் பார்மசியில் மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். வலி மாத்திரையில் தொடங்கிய பழக்கம் வலி மாத்திரையால் திரும்பி வரும்.

குறிப்புப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்றே வரி: எவ்வளவு ஓடினேன், எத்தனை மணித்தியாலம் நித்திரை, ஆசை எந்த நேரத்தில் எழும்பியது. நான்கு வாரத்தில் அந்த மூன்றாவது வரியே அவருடைய ஆபத்து நேரத்தைக் காட்டிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு பத்து நிமிட நடையையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

நோன்பு மாதம்

ரமழான் பெரிய வாய்ப்பு. பகலெல்லாம் சிகரெட்டைத் தொடாமல் இருக்க முடிகிறவருக்கு அந்த வலிமை தன்னிடம் இருப்பது தெரிந்துவிடுகிறது. ஆபத்து நோன்பு திறந்த பிறகு வருகிறது. ஆகவே அந்த மாதத்தில் காலை ஓட்டத்தை நிறுத்தி, தராவீஹுக்குப் பிறகு குழுவாக 30 நிமிடம் நடையோ மெல்லோட்டமோ வையுங்கள். சிகிச்சை மருந்து எடுப்பவர் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் தானாக மாற்றக் கூடாது. நோன்பு பிடிக்கலாமா என்பதை வைத்தியரிடமும் மௌலவியிடமும் கேட்டு முடிவெடுங்கள். பெருநாள் இரவையும் அடுத்த இரண்டு நாளையும் தனியாகக் கவனியுங்கள். கையில் காசு, ஊர் நிறையக் கூட்டாளிகள், ஓய்வு என்று மூன்றும் சேரும் நாட்கள் அவை. பெருநாளுக்கு மறுநாள் காலை ஓட்டத்தை முன்கூட்டியே அறிவித்து விடுங்கள்.

இரண்டு வீடு, ஒரு விதி

நம் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார், வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது. இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. மாமி வீட்டில் கண்டித்தால் அவர் உம்மா வீட்டுக்குப் போவார். உம்மா சோறு போட்டு, காசும் கொடுப்பார். அங்கே பேச்சு முற்றினால் மறுபடி மனைவி வீடு. இரண்டு வீட்டுக்கும் இடையில் அவர் தப்பிக்கொண்டே இருப்பார். திட்டம் தொடங்கும் முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து மூன்றே விடயத்தில் உடன்படுங்கள்: கையில் காசு கொடுப்பதில்லை, அவருடைய கடனை அவருக்குத் தெரியாமல் அடைப்பதில்லை, சோறும் படுக்கையும் மறுப்பதில்லை. கடைசி விதியை ஏன் சேர்த்தோம் என்றால், வீதியில் படுத்தவர் காலையில் ஓட வரமாட்டார்.

மனைவிக்கும் உம்மாவுக்கும் தங்கள் உடம்பைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. ராத்தாமார், மாமிமார் நாலைந்து பேர் சேர்ந்து காலையில் நடக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பெண் நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரைப் பழக்கத்தில் விழுந்த பெண்களும் உண்டு. அவர்கள் வெளியே சொல்வது இன்னும் கடினம் என்பதால், பெண்கள் நடைக் குழுவே பலருக்கு முதலில் வாய் திறக்கும் இடமாகும்.

தவறும் நாள்

பெரும்பாலானோர் ஒருமுறையாவது தவறுவார்கள். அந்த நாளுக்கு முன்கூட்டியே திட்டம் இருக்க வேண்டும்.

முதல் மணித்தியாலம்: ஆள் தெளிவாக இருக்கிறாரா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் 1990. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

அதே நாள்: பிரசங்கம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். கூட்டாளி வந்து பார்க்கட்டும். கிளினிக் நாள் எப்போது என்று கேட்டு முன்கூட்டியே போக முடியுமா பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை: 48 மணித்தியாலம் கடந்திருந்தால் வாரம் ஒன்றின் நடையிலிருந்து மறுபடி. குறிப்புப் புத்தகத்தில் எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் தவறினார் என்று எழுதட்டும். பழைய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். ஓடிய வாரங்கள் ஓடிய வாரங்களே.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு

ஐந்து கிலோமீற்றர் முடித்தவருக்கு அடுத்த குறி இல்லாவிட்டால் பிடி தளரும். பத்துக் கிலோமீற்றருக்கு இன்னும் மூன்று மாதம், அரை மரதனுக்கு அதற்கும் மேல் ஐந்தாறு மாதம் என்று வையுங்கள். அரை மரதன் 21.1 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போவது அதைவிடச் சற்றுக் கூட. அறுகம்பேயில் நடக்கும் அரை மரதன் நமக்குக் கிட்டிய பெரிய போட்டிகளில் ஒன்று. ஊர்க் கழகங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் மனம் வைத்தால் பிரதேச மட்டத்தில் ஒரு ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் வைப்பது பெரிய செலவு இல்லை. ஆனால் அதற்குப் "போதைக்கு எதிரான ஓட்டம்" என்று பெயர் வைக்காதீர்கள். மீண்டு வந்தவரும் மற்றவர்களும் ஒரே இலக்கத் துண்டை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடட்டும்.

ஓட்டமே போதையாகிவிடுவதும் உண்டு. காயத்தோடு ஓடுவது, வேலைக்கும் வீட்டுக்கும் போகாமல் ஓடுவது, ஓடாத நாளில் சண்டை பிடிப்பது என்று தெரிந்தால் குழு சொல்லி வாரத்தில் மூன்று நாள் கட்டாய ஓய்வு கொடுக்க வேண்டும். பிறகு அவரை இன்னொருவருக்கு முதன்மைக் கூட்டாளியாக்குங்கள். இன்னொருவருக்காக எழும்ப வேண்டியவர், தனக்காக எழும்பாத நாளிலும் எழும்புவார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் விளையாட்டுக் கழகத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போதைக்கு எதிராக நாம் எத்தனையோ பதாகை கட்டிவிட்டோம், ஊர்வலம் போய்விட்டோம். பதாகைக்கு ஆன செலவில் பாதி போதும், ஓர் ஓட்டக் குழுவை ஒரு வருடம் நடத்த. உங்கள் மஹல்லாவில் விட முயன்றுகொண்டிருக்கும் ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியும். நாளைச் சுபஹுக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் நிற்பதாக இன்றிரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.